ஊறுகாய்க்குத் தராசு வாங்கப் போறியா? அக்காகிட்ட கேட்டுட்டுப் போ

ஏட்டி, புளியங்குடி எலுமிச்சை விலை இறங்கிருச்சுன்னு மூட்டையோட வாங்கிட்டு வந்து கூடத்துல கொட்டிட்டே. சரி. உப்பு எவ்வளவு போடப் போறே? "போன தடவை ரெண்டு உழக்கு போட்டேன், அதையே போட்டுருவேன்"னு சொல்லாதே. போன தடவை நீ போட்டது தூத்துக்குடி கல்லுப்பு. இந்தத் தடவை கையில இருக்கிறது பாக்கெட் தூளுப்பு. கல்லுப்புல கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல காத்து நிக்கும். தூளுப்பு இறுகி உட்காரும். அதே உழக்குல தூளுப்பு கூடுதலா எடை நிக்கும். வத்தலும் அப்படித்தான், குண்டு மிளகாய் ஒரு படியும் சம்பா வத்தல் ஒரு படியும் ஒரே எடை வராது.

ஆடித்தபசுக்கு வந்த சொந்தக்காரங்க பாட்டில் பாட்டிலா வாங்கிட்டுப் போன ஊறுகாய் இந்த வருஷம் மேல வெள்ளையா பூத்துப் போச்சுன்னா, கண்ணு வச்சுட்டாங்கன்னு மிளகாயைச் சுத்திப் போடாதே. உப்பு குறைஞ்சிருக்கும். உப்புதான் காயில இருக்கிற தண்ணியை வெளிய இழுத்து, பூஞ்சைக்கு வேலை இல்லாம பண்ணுது. ஒரு கிலோ எலுமிச்சைக்கு 150 முதல் 200 கிராம் உப்பு. இதுல முப்பது நாப்பது கிராம் இறங்கினாலே ஜாடி சொல்லிரும். ஆகவே தராசு வேணும். எந்தத் தராசுங்கிறதுலதான் எல்லாரும் சறுக்குறாங்க.

1. பெரிய எடையைப் பார்த்து வாங்காதே, சின்ன எடையைப் பார்த்து வாங்கு

கடையில போய் நிக்கிறவ முதல்ல கேக்கிறது, "இது எத்தனை கிலோ தாங்கும்?" தப்பு. நீ நிறுக்கப் போறதுலயே ரொம்பச் சின்னது எது? உப்பா? இல்லை, பெருங்காயம், வெந்தயம், ரொட்டி சுட்டா ஈஸ்ட். அதைத்தான் முதல்ல யோசிக்கணும்.

ஒரு கிராம் ஒரு கிராமா காட்டுற மெஷின்ல 2 கிராம் பெருங்காயம் வச்சேன்னு வை. அது உண்மையில ஒண்ணரையாவும் இருக்கலாம், ரெண்டரையாவும் இருக்கலாம். கூடினா கசக்கும், குறைஞ்சா மணக்காது. அதே மெஷின்ல 200 கிராம் உப்பு வச்சா ஒரு கிராம் இப்படி அப்படிப் போறது ஒரு பொருட்டே இல்லை. என் கணக்கு இதுதான்: நிறுக்கிற பொருள், மெஷின் காட்டுற கடைசிப் புள்ளியைப் போல இருபது மடங்காவது இருக்கணும். ஒரு கிராம் மெஷின்னா இருபது கிராமுக்குக் கீழ அதை நம்பாதே.

இன்னொண்ணு. திரையில ஒரு கிராம் காட்டுறது வேற, அந்த ஒரு கிராம் சரியா இருக்கிறது வேற. மலிவு மெஷின் எட்டு கிலோ வச்சாலும் கடைசி எண்ணை ஆணித்தரமாத்தான் காட்டும். அதுக்காக அது உண்மைன்னு ஆயிராது.

2. ஒரு விலை கூடின மெஷினுக்குப் பதிலா ரெண்டு சாதாரண மெஷின்

எல்லாத்துக்கும் ஒண்ணே போதும்னு நினைக்காதே. பத்து கிலோவும் தாங்கி, நூத்துல ஒரு பங்கு கிராமும் காட்டுற தராசு ஆய்வுக்கூடத்துக்குத்தான் செய்வாங்க. அந்தக் காசுல நீ ஒரு கிரைண்டரே வாங்கிறலாம்.

முதல் மெஷின்: 5 அல்லது 10 கிலோ தாங்குற, ஒரு கிராம் காட்டுற கிச்சன் ஸ்கேல். காய், உப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் இதுல. ரெண்டாவது: நகை எடை போடுற மாதிரி உள்ளங்கையளவு டிஜிட்டல் தராசு. 200 கிராம் தாங்கும், 0.01 கிராம் காட்டும். பெருங்காயம், ஈஸ்ட், இன்னும் பொடிப்பொடியா என்னென்ன உண்டோ அதுக்கெல்லாம் இது. ரெண்டுமே சில நூறு ரூபாய்ச் சமாசாரம்தான்.

வெளிநாட்டுல வீட்டுலயே பியர் காய்ச்சுறவங்களும் இதேதான் செய்யறாங்க. இருபது லிட்டர் காய்ச்ச மால்ட் நாலஞ்சு கிலோ, அதுக்கு ஒரு பெரிய தராசு. ஹாப்ஸ் பூ சில பத்து கிராம், உலர்ந்த ஈஸ்ட் பத்துப் பதினோரு கிராம், தண்ணிக்குப் போடுற உப்பு வகை அதைவிடக் கம்மி. அதுக்கு ஒரு குட்டித் தராசு. வீட்டுல பியர் காய்ச்சுறதை அமெரிக்காவுல 1978-ல சட்டம் அனுமதிச்சுது. நம்ம தமிழ்நாட்டுல 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு, வீட்டுல காய்ச்சினா போலீஸ் வரும். அந்த வேலை நமக்கு வேண்டாம். ரெண்டு தராசு வைக்கிற புத்தியை மட்டும் எடுத்துக்குவோம். புளிக்க வைக்கிறதும் ஊற வைக்கிறதும் பெரியம்மா பிள்ளை சித்தி பிள்ளை மாதிரிதான். ரெண்டுலயும் கொஞ்சமாப் போடுற பொருள்தான் மொத்தத்தையும் ஆட்டி வைக்கும்.

3. ஜாடியோட எடையை மறந்துறாதே

இதை யாரும் சொல்லித் தர்றதில்லை. ஜாடியை வச்சு பூஜ்யம் பண்ற பட்டனை அமுக்குறோமே, அது ஜாடி எடையைத் திரையில இருந்துதான் மறைக்குது. மெஷின் அதைச் சுமந்துக்கிட்டேதான் இருக்கு. 5 கிலோ மெஷின்ல 3 கிலோ பீங்கான் ஜாடியை வச்சா, மீதி ரெண்டு கிலோதான் உனக்கு. அதுக்கு மேல கொட்டினா திரையில பிழைன்னு வரும். தொடர்ந்து அப்படியே கொட்டினா உள்ள இருக்கிற உலோகப் பட்டை வளைஞ்சு போகும். அதுக்கப்புறம் அது நேராகாது.

குறுக்கு வழி: ஜாடியை மெஷின் பக்கமே கொண்டு வராதே. லேசான எவர்சில்வர் கிண்ணத்துல நிறுத்து ஜாடியில கொட்டு. வேலை ஒண்ணு கூடுதுன்னு முகத்தைச் சுளிக்காதே, ஜாடியைத் தூக்கி இறக்குற முதுகுவலி மிச்சம்.

அகலத் தாம்பாளம் வச்சா திரை மறைஞ்சு போகுதா? தட்டு மேல ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவுத்து வை. அது மேல தாம்பாளத்தை வச்சு பூஜ்யம் பண்ணு. இப்போ குனிஞ்சு பார்த்தா எண் தெரியும்.

4. வாங்குறதுக்கு முன்னாடி கடையிலயே சோதிச்சுப் பாரு

ரதவீதிக் கடையில வாங்கினாலும் சரி, பார்சல்ல வந்தாலும் சரி, இந்த மூணு சோதனையையும் பண்ணாம ஏத்துக்காதே. கடைக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

• *காசு சோதனை.* கடைக்காரங்க வாங்க மாட்டேங்கிறாங்கன்னு உண்டியல்ல முடங்கிக் கிடக்கிற பத்து ரூபாய் நாணயம் இருக்குல்ல, அது ஒண்ணு 7.7 கிராம் சொச்சம். தேயாத காசா பதிமூணை எடுத்து வை. 100 கிராம் காட்டணும், மிஞ்சிப்போனா ஒரு கிராம் கூட. 95, 106ன்னு காட்டினா மெஷினைத் திருப்பிக் கொடு. கைப்பையில ஒரு சின்னத் துணிப்பையில பதிமூணு காசைக் கட்டிப் போட்டுட்டுப் போ.

• *நாலு மூலைச் சோதனை.* ஒரே பொருளைத் தட்டு நடுவுல வை, அப்புறம் நாலு ஓரத்துலயும் வை. எங்க வச்சாலும் ஒரே எடை வரணும். ஓரத்துல வச்சா ஆறு கிராம் குறையுதுன்னா, வீட்டுல நீ அவசரத்துல கிண்ணத்தை எப்படி வைப்பேன்னு எனக்குத் தெரியாதா?

• *எடுத்து வைக்கிற சோதனை.* வை, எடு, திரும்ப வை. எடுத்ததும் பூஜ்யத்துக்கு வரணும். வச்சதும் பழைய எண்ணே வரணும்.

குட்டித் தராசுக்குச் சோதனை இன்னும் சுலபம். கையில கிடக்கிற மோதிரத்தோட பில்லைத் தேடி எடு. நகைக்கடை பில்லுல மொத்த எடை புள்ளிக்குப் பின்னாடி ரெண்டு மூணு இலக்கம் வரைக்கும் போட்டிருப்பாங்க. மோதிரத்தைக் கழுவித் துடைச்சு வச்சுப் பாரு. பல வருஷம் போட்ட மோதிரம்னா தேய்மானம் இருக்கும், அதனால அதிகம் போடாத கம்மலோ தங்கக் காசோ எடுத்துக்கோ.

ஒரு கிலோ உப்பு பாக்கெட்டை வச்சு மெஷினைச் சரிபார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். நிறைய பேர் செய்யுற தப்பு அது. பாக்கெட்டுல அடைக்கும்போது கொஞ்சம் கூடக் குறைய இருக்கச் சட்டமே இடம் கொடுக்குது. ஒரு கிலோவுக்கு 15 கிராம் வரைக்கும். போதாக்குறைக்கு உறையோட எடை வேற. பாக்கெட் 990 காட்டுதுன்னு மெஷினைத் திட்டுறதா, கம்பெனியைத் திட்டுறதா?

பெரிய எடைக்கு நான் சொல்லுத வழி: இஞ்சி தட்டுற கல்லைக் கழுவிக் காய வச்சு எடுத்துட்டுப் போ. முத்திரை போட்ட தராசு வச்சிருக்கிற பலசரக்குக் கடையில கொஞ்சம் நிறுத்துத் தரச் சொல்லு. வந்த எடையைக் கல்லு மேலயே பெயிண்ட்ல எழுதிரு. அப்புறம் அதுதான் உன் வீட்டு எடைக்கல். மாசத்துக்கு ஒருக்கா மெஷின்ல வச்சுப் பாரு.

5. கண்ணாடித் தட்டு, கலர், புளூடூத்

வேண்டாம். மாவுக்கையோட போனைத் தொட்டு ஊறுகாய் போடப் போறியா?

6. மெஷினை எங்க வைக்கிறே?

பாதிப் பிழை மெஷின்ல இல்லை, வைக்கிற இடத்துல. துணி விரிச்ச கட்டில்லயும் பாய் மேலயும் வச்சு நிறுக்காதே. அடியில மெத்துன்னு இருந்தா எடை குறையும், தடுமாறும். கிரானைட் மேடை நல்லது. நாலு காலும் படியணும்.

ஃபேனை நிறுத்து. பெரிய மெஷின் தாங்கிக்கும், குட்டித் தராசு தாங்காது. ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து நம்ம ஊர்ல எப்படி அடிக்கும்னு உனக்கே தெரியும். அந்த மாசத்துல சன்னலைத் திறந்து போட்டுட்டு 0.01 கிராம் பார்க்கிறேன்னு உட்கார்ந்தா எண் ஆடிக்கிட்டேதான் இருக்கும். குட்டித் தராசோட மூடியை நிமித்தித் தடுப்பா வை, இல்லைன்னா நாலு பக்கமும் அட்டைப்பெட்டியை வை.

இண்டக்‌ஷன் அடுப்பு எரியும்போது அது பக்கத்துல வைக்காதே. போனையும் தள்ளி வை. அடுப்புல இருந்து இறக்கின சூட்டோட சட்டியை நேரா தட்டு மேல வைக்கவே வைக்காதே. எண் ஊர்ந்துக்கிட்டே போகும், நாளாக ஆக உள்ள இருக்கிறதும் கெட்டுப் போகும்.

உப்பு இரும்பைத் தின்னும்னு தனியாச் சொல்லணுமா? நிறுக்கும்போது மெஷின் மேல ஒரு மெல்லிய பாலிதீன் கவரை மாட்டிரு. அழுக்கானா கவரைத் தூக்கிப் போட்டுறலாம். குழாயடியில காட்டிக் கழுவாதே. அப்புறம், அலமாரியில வச்சுட்டு அது மேல டப்பாவை அடுக்கி வைக்கிற பழக்கத்தை விடு. ராத்திரி பூரா பாரத்தைச் சுமந்தா மெஷினுக்குப் பூஜ்யம் மறந்து போகும்.

7. நேரம் மிச்சம் பண்ற வித்தைகள்

*கழிச்சு நிறு.* இதை ஒண்ணை மட்டும் கத்துக்கிட்டாலே பாத்திரம் கழுவுற வேலை பாதியாக் குறையும். மிளகாய்த்தூள் டப்பாவையே மெஷின் மேல வை. பூஜ்யம் பண்ணு. கரண்டியால அள்ளி அள்ளி ஜாடியில போடு. திரையில கழித்தல் குறியோட 10, 25, 40ன்னு ஏறும். 75 வந்ததும் நிறுத்து. தனிக் கிண்ணமே வேண்டாம்.

இதுல இன்னொரு லாபமும் உண்டு. பூஜ்யம் காட்டுற மெஷின் மேல பொடியைச் சிட்டிகை சிட்டிகையாத் தூவினா, சில மெஷின் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. தானா ஆடுற ஆட்டம்னு நினைச்சு மறுபடி மறுபடி பூஜ்யத்துக்கே கொண்டு வந்துரும். நீ பாட்டுக்குத் தூவிக்கிட்டே இருப்பே. அதனால சின்ன எடையா இருந்தா ஒரு காசை முதல்ல வச்சு, அந்த எண்ணுக்கு மேல எவ்வளவு கூடுதுன்னு பாரு.

*கரைச்சு அள.* கடைக்குப் போடுறவங்க சோடியம் பென்சோயேட் சேர்ப்பாங்க. கிலோவுக்குக் கால் கிராம் போலத்தான். நீ வீட்டுக்குப் போடுறவ, உப்பும் எண்ணெயும் சரியா இருந்தா அது உனக்குத் தேவையே இல்லை. போட்டே ஆகணும்னா சிட்டிகைக் கணக்கு வேண்டவே வேண்டாம். 10 கிராமை நிறுத்து, காய்ச்சி ஆற வச்ச தண்ணியில கரைச்சு, மொத்தம் 200 மில்லி வர்ற மாதிரி பண்ணிக்கோ. அதுல 5 மில்லி எடுத்தா கால் கிராம். மருந்து பாட்டிலோட வர்ற அளவு மூடி இதுக்குப் போதும். எந்தப் பொடியா இருந்தாலும் இந்த வழி எடுபடும்.

*மில்லி பட்டனை நம்பாதே.* கிச்சன் ஸ்கேல்ல மில்லின்னு ஒரு வசதி இருக்கும். அது தண்ணிக் கணக்கு. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் 910, 920 கிராம்தான் நிக்கும். எண்ணெயையும் கிராம்லயே எழுதி வச்சுக்கோ. அந்த அலகு பட்டன்ல கை தெரியாம பட்டு அவுன்ஸுக்குப் போயிருந்தாலும் எடை தாறுமாறாத் தெரியும். மெஷின் கெட்டுப் போச்சுன்னு தூக்கிட்டு ஓடுறதுக்கு முன்னாடி திரையோட மூலையில என்ன எழுதியிருக்குன்னு பாரு.

*உழக்கையும் விட்டுறாதே.* தினமும் மெஷினை எடுக்க உனக்கு நேரம் ஏது? உன் வீட்டு உழக்குல நீ வாங்குற அரிசி, நீ வாங்குற கல்லுப்பு, நீ வாங்குற உளுந்து எவ்வளவு எடை நிக்குதுன்னு ஒரே ஒரு நாள் நிறுத்து, அலமாரிக் கதவுக்குப் பின்னாடி எழுதி ஒட்டிரு. பிராண்டை மாத்தினா மட்டும் மறுபடி நிறு.

8. இதெல்லாம் வாங்கிட்டு வந்து என்கிட்ட காட்டாதே

• முள்ளு ஓடுற ஸ்பிரிங் தராசு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல இருபது அம்பது கிராம் போயிரும்.
• கொக்கியில தொங்கவிடுற மெஷின். பெட்டி தூக்கிப் பார்க்க நல்லது, உப்புக்கு ஆகாது.
• பூ மார்க்கெட்டுல இருக்கிற மாதிரி 30 கிலோ மேசைத் தராசு. அங்க மல்லியும் பிச்சியும் மூட்டையா நிறுக்கணும், அவங்களுக்கு 5 கிராம் 5 கிராமா காட்டினாப் போதும். உனக்குப் பத்தாது.
• எடை போடுற கரண்டி. விளையாட்டுச் சாமான்.
• பட்டன் பேட்டரி மட்டும் போடுற பெரிய மெஷின். தீர்ந்து போற அன்னைக்கு ராத்திரி எட்டு மணியா இருக்கும். ஏஏ, ஏஏஏ பேட்டரி போடுறதா பாரு, தெருமுனைக் கடையில கிடைக்கும். பேட்டரி இறங்க ஆரம்பிச்சா எடை முதல்ல பொய் சொல்லும், அப்புறம்தான் திரை மங்கும். அதனால பெரிய அளவுல போடுற அன்னைக்குப் புதுசு போட்டுரு.

9. விக்கவும் போறியா?

அப்போ பேச்சே வேற. கிச்சன் ஸ்கேல்ல நிறுத்து லேபிள்ல 250 கிராம்னு ஒட்டி வித்தா, நாளைக்கு ஒருத்தர் வந்து நிறுத்துக் காட்டிக் கேட்டா உன்கிட்ட பதில் இருக்காது. வியாபாரத்துக்கு வைக்கிற தராசுக்கு 2009-ஆம் வருஷத்துச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரை வேணும். எலெக்ட்ரானிக் தராசுன்னா வருஷா வருஷம் மறுமுத்திரை. தமிழ்நாட்டுல இதைப் பார்க்கிறது தொழிலாளர் துறை. உதவி ஆய்வாளர் அலுவலகத்துல கேட்டா எங்க, எப்போன்னு சொல்லுவாங்க. முத்திரை போட முடியுற தராசான்னு வாங்கும்போதே கேட்டு, பில்லையும் சான்றையும் பத்திரமா வை. வாங்கி முடிச்சப்புறம் கேட்டா "இதுக்குப் போட முடியாது"ம்பாங்க.

லேபிள்ல போடுறது உள்ள இருக்கிற ஊறுகாயோட எடை. பாட்டில் எடை, மூடி எடை கணக்குல வராது. ஒவ்வொரு பாட்டிலையும் காலியா வச்சு பூஜ்யம் பண்ணி அப்புறம் நிரப்பு. ஒரே அச்சு கண்ணாடி பாட்டில்னாலும் ஒண்ணுக்கொண்ணு பல கிராம் வித்தியாசப்படும், ஒரு பாட்டிலை நிறுத்துட்டு மத்ததெல்லாம் அதேன்னு விட்டுறாதே. 250 கிராம்னு எழுதினா 253 வை. அந்த மூணு கிராம் எலுமிச்சையில நீ ஏழையாகப் போறதில்லை.

10. பாட்டி நோட்டு வச்சிருக்கிறவளுக்கு

பழைய நோட்டுல "மிளகாய் அரை வீசை, பெருங்காயம் ஒரு தோலா, கடுகு ரெண்டு பலம்"னு எழுதியிருக்கும். மெட்ரிக் எடை 1958-ல வர ஆரம்பிச்சும் பாட்டிமார் கையெழுத்துல அது வர ரொம்ப நாள் பிடிச்சுது. ஒரு பலம் 35 கிராம். நாப்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. ஒரு தோலா 11.66 கிராம். இதை நோட்டோட முதல் பக்கத்துல எழுதிரு. பெருங்காயம் ஒரு தோலான்னு இருந்தா மட்டும் கண்ணை மூடிட்டு 11 கிராம் போட்டுறாதே. பாட்டி போட்டது கட்டிப் பெருங்காயம். டப்பாவுல வர்ற தூள்ல மாவும் பிசினும் கலந்திருக்கும். தூள்னா கூட வேணும், பாதி போட்டு நாக்குல வச்சுப் பார்த்துட்டு மீதியைச் சேரு.